டிரில் மாஸ்டர் பெயரில் வந்த ரத்தம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு செல்போன் கோணலாகச் சாய்ந்து நின்றதால் கிடைத்தது. டாக்டர் அறை மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்கு முட்டுக்கொடுத்து அதை நிற்க வைத்திருந்தார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனும் கூட இருந்த மாதிரி இருக்கட்டும் என்று. காமிரா அப்பா பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அம்மா பக்கம் திரும்பியிருந்தது. அவ்வளவுதான்.

அந்த மகன் நான்தான். ஆனால் கதைக்குள் 'அவன்' என்றுதான் சொல்லப்போகிறேன். அவன் செய்த காரியத்தைப் படித்தால் ஏன் என்று புரியும். வாயால் சொல்லச் சொல்லப் போனில் எழுத்தாகிறது, அதனால் சில வாக்கியம் பாதியில் நிற்கும். திருத்த உட்கார்ந்தால் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆரோக்கியம் என்பது மனிதனுக்குக் கிடைத்த மாபெரும்...'

(வேண்டாம். இது ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிற வாசகம்.)

இரண்டாவது தொடக்கம்: 'அவள் ரொம்ப நாளாகக் களைத்துப் போயிருந்தாள்.'

(உண்மைதான். ஆனால் அந்த வீட்டில் இதை யாரும் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.)

மூன்றாவது: டிரில் மாஸ்டருக்கு ஊசி என்றால் பயம்.

இதை வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்குத் தொப்பை விழுந்தாலும் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். "சார், எத்தனை மாசம்?" என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பார். ஆஸ்பத்திரி என்பது குனிந்து நிமிராத சோம்பேறிகளுக்காகக் கட்டியது என்பது அவருடைய மருத்துவ அறிவு. ஒரு தடவை பள்ளியில் தடுப்பூசி போட வந்தார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த மாஸ்டர், முதல் ஊசியைப் பார்த்ததும் வேரோடு சாய்ந்த மரம் மாதிரி விழுந்தார். பிள்ளைகள்தான் தூக்கி உட்காரவைத்தார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் வெளிநாட்டு மகன் முழு உடல் பரிசோதனை பதிவு செய்தான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். தொண்ணூற்று நாலு சோதனை. 'யாருக்கு?' என்று திரை கேட்டது. அப்பா என்று அமுக்கினான். அம்மாவுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்தான் என்றுகூடச் சொல்லக்கூடாது. திரை ஒரு பெயர்தான் கேட்டது, அவனுக்கும் ஒரு பெயர்தான் ஞாபகம் வந்தது.

3

லேப்பிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மாஸ்டர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

மாஸ்டரின் மனைவி (இவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கலாம் என்று பார்த்தேன். இத்தனை வருஷத்தில் யாருமே வைத்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்படியே விடுகிறேன்) கதவோரம் போய்க் கிசுகிசுத்தாள்.

"என்னங்க, வந்துட்டாங்க."

"எனக்கு இன்னிக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கு."

"அதுக்குத்தானேங்க டெஸ்டே."

"நீ கைய நீட்டிடேன். என்ன கொறஞ்சிடப் போகுது?"

"என் ரத்தத்த எடுத்தா உங்களுக்கு என்னன்னு எப்படித் தெரியும்?"

"ஒரே அடுப்பு, ஒரே உப்பு, ஒரே தண்ணி. முப்பத்தெட்டு வருஷமா ஒண்ணா சாப்பிடறோம். ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கும்? பையனுக்கு ரிப்போர்ட் போகணும், அவ்வளவுதான். அவன் நிம்மதியா இருப்பான்."

(ஒரு திருத்தம். ஒன்றாகச் சாப்பிடுவதில்லை. அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் பரிமாறுவாள், பிறகு மிஞ்சியதைச் சமையல் மேடையில் சாய்ந்தபடி நாலு வாயில் முடிப்பாள்.)

மகன் நிம்மதியாக இருப்பான் என்ற இடத்தில் அவள் விழுந்துவிட்டாள். கூடத்துக்கு வந்து கையை நீட்டினாள்.

"ஆம்பளை, அறுபத்தாறு வயசுன்னு போட்டிருக்கே?" என்றாள் வந்தவள்.

"பையன் அவசரத்துல தப்பா அமுக்கியிருப்பான்."

"எனக்கு ஒம்போது மணிக்குள்ள இன்னும் பதினாலு வீடு இருக்கும்மா. ஓ.டி.பி. சொல்லுங்க."

மாஸ்டரின் போனைப் பார்த்துச் சொன்னாள். எண் சரியாக இருந்தது. எண் சரியாக இருந்தால் ஆளும் சரி. இவ்வளவு முன்னேறிவிட்ட மருத்துவத்தில் முகத்தையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

"கை ஏம்மா இப்படி வெளுத்துக் கெடக்கு? சாப்பிடறீங்களா இல்லையா?" என்று கேட்டாள் வந்தவள், ஊசியை உருவியபடி.

"வயசாகுதில்ல" என்றாள் மாஸ்டரின் மனைவி. தொண்ணூற்று நாலு சோதனைக்கும் சேர்த்து அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

4

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. பாதிக்கு மேல் சிவப்பு. ஹீமோகுளோபின் ஏழரை, இரும்புச்சத்து அடிமட்டத்தில். மகன் அங்கிருந்தே பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டான். மாஸ்டரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் குளியலறைக் கதை வெளியே வரும்.

இனி வருவது அந்தப் போன் பார்த்தது.

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ரொம்ப அசதியா இருக்கா?"

"எனக்கா? தினம் முப்பது தண்டால் எடுக்கறேன் டாக்டர்."

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி மெல்லத் தலையாட்டினாள். அவளுக்கே தெரியாமல்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"உங்க மூணு மாடியும் ஏறித்தான் வந்தேன். லிஃப்டெல்லாம் நமக்கு ஆகாது."

அவள் தலையாட்டினாள். அதே மூணு மாடியை அவர் பின்னால் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"நகம் உடையுதா? ஐஸ்கட்டிய எடுத்துக் கடிச்சு மெல்லணும்போல இருக்கா?"

மாஸ்டர் சிரித்தார். அவள் விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டு ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"ஆமா, உங்களுக்குப் புராஸ்டேட்ட எப்ப எடுத்தாங்க?"

"எடுத்தாங்களா?"

"அந்த நம்பர் சுத்தமா சைஃபர் காட்டுது. ஆபரேஷன் பண்ணி எடுத்தவங்களுக்குத்தான் இப்படி வரும்."

"எக்சர்சைஸ் பண்ற உடம்பு டாக்டர்" என்றார் மாஸ்டர், நெஞ்சை நிமிர்த்தி.

(புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. அந்த நிமிஷம்தான் போனுக்குள் இருந்த மகனுக்கு விளங்கியது. வாயைத் திறந்தான். சத்தத்தை ஏற்கெனவே அணைத்துவைத்திருந்தார்கள்.)

டாக்டரம்மா முதல் தடவையாகத் திரும்பி மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். "ஆளப் பாத்தா அப்படித் தெரியலையே. இன்னொரு தடவ ரத்தம் எடுத்துடலாமா?"

"வேண்டாம், வேண்டாம். ரிப்போர்ட்ட நான் முழுசா நம்பறேன். அடுத்து என்னவோ அதச் செய்யுங்க."

"இந்த வயசுல இவ்வளவு ரத்தம் கொறஞ்சா, குடல்ல எங்கயாவது கொஞ்சங் கொஞ்சமாக் கசியலாம். சின்னதா ஒரு கட்டி இருந்தாலும் இருக்கும். வியாழக்கிழமை குழாய் விட்டுப் பாத்துடறேன். இப்பவே கண்டுபிடிச்சா வெட்டி எடுத்துடலாம். தள்ளிப்போட்டா"

(அந்த வாக்கியத்தை டாக்டர் முடித்தார். நான் முடிக்கமாட்டேன்.)

அடுத்தவள் ரத்தத்துக்காகத் தன் குடலைக் கழுவிக்கொள்ள மாஸ்டர் ஒப்புக்கொண்டார். ஊசியிலிருந்து தப்பித்தாகிவிட்டது. குழாய் விடும் முன் கையில் ஊசி குத்துவார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. வெளியே வரும்போது கதவருகே இருந்த திரை 'எங்கள் சேவை எப்படி?' என்று கேட்டது. சிரித்த முகத்தை அமுக்கிவிட்டு வந்தார்.

5

'நேரா அம்மாகிட்ட கேட்டிருக்கலாமே, இதுக்கு ஒரு கதையா?' என்பீர்கள். கேட்டான்.

"அம்மா, அது யாரு ரத்தம்?"

"உங்கப்பாதுதான். பேரு போட்டிருக்கே, பாக்கல?"

"அப்ப அந்த புராஸ்டேட்டு?"

"சீ, அம்மாகிட்ட பேசற பேச்சா இது?"

"அம்மா, உனக்குத்தாம்மா உள்ள கசியுது. டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிடு, உன்னப் பாக்கட்டும்."

"ஊரெல்லாம் மாஸ்டர் மாஸ்டர்னு கும்புடற மனுஷன்டா. ஊசிக்குப் பயந்து ஒளிஞ்சாருன்னு அந்த ஆஸ்பத்திரியில நான் போய்ச் சொல்லணுமா? எனக்கு ஒண்ணுமில்ல. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போட்டான். "நோயாளி சம்மதம் இல்லாம விவரம் பேச மாட்டோம் சார்" என்றார்கள். யார் நோயாளி என்பதுதான் விவரமே என்றான். ஒன்பதை அமுக்கச் சொன்னார்கள். ஒன்பதில் பாட்டு ஓடியது.

அப்பாவுக்குப் போட்டான். மூன்று தடவை. "தண்டால் எடுக்கறாரு" என்று ஒவ்வொரு தடவையும் அம்மாதான் எடுத்தாள்.

6

முடிவுகள்.

முதல் முடிவு. வியாழக்கிழமை மாஸ்டரைப் படுக்கவைத்து ஊசி குத்துகிறார்கள். மயங்கி விழ வேண்டிய அவசியம் இல்லை, ஏற்கெனவே படுத்திருக்கிறார். ரத்தம் பிரமாதமாக இருக்கிறது, பதினாலரை. குடல் கண்ணாடி மாதிரி. பழைய ரிப்போர்ட் லேப்பின் தவறு என்று முடிவாகிறது. உறவுக்காரர்கள் எல்லாரும் லேப்பைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். அவள் ஆயுளில் செய்துகொண்ட ஒரே ரத்தப் பரிசோதனையைத் 'தவறு' என்று குறித்து அழித்துவிடுகிறார்கள். அவள் டீ போடப் போகிறாள். எல்லோரும் நலம்.

(எனக்குத் தெரிந்த குடும்பங்களில் இந்த முடிவுதான் அதிகம் வரும்.)

இரண்டாவது முடிவு. அவளே டாக்டரிடம் சொல்லிவிடுகிறாள். இதை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து உள்ளே போகிறாள், டாக்டர் நிமிர்ந்து பார்க்கிறார், அவள், "இவரு காலையிலேருந்து வெறும் வயிறு, கொஞ்சம் சீக்கிரம் கூப்பிடுவீங்களா?" என்கிறாள். என் பாத்திரம் என் பேச்சைக் கேட்பதில்லை.

மூன்றாவது முடிவில் மகன் விமானத்தில் வந்து இறங்கி

(லீவு இல்லை. கதையில்கூடக் கிடைக்கவில்லை.)

7

ஆக, மிச்சம் இருப்பது வாசகர்.

யார் வாசகர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எது வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விசில் ஊதிப் பழகிய குரலில் வீடே கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கிறவர். பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டே ஒருத்தி கேட்பாள். நல்ல இடம் வந்தால் சிரிப்பாள்.

ஐயா வாசகரே, இன்று செவ்வாய்க்கிழமை. நாளை மாலைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் வியாழக்கிழமை நேரத்தை வேறு பெயருக்கு மாற்றித் தருவார்கள். மகன் விசாரித்துவிட்டான். ஆனால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே பேச வேண்டுமாம். நான் பேசினால் செல்லாது. அவள் பேசினாலும் செல்லாது.

நாலாவது முடிவை நான் எழுதவில்லை. இதற்குள் நீங்கள் சத்தமாகப் படிப்பதை நிறுத்தியிருப்பீர்கள். "ஏங்க, நிறுத்திட்டீங்க? அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்பாள்.

நீங்களே சொல்லுங்கள்.