வெயில் ஐஸ்

கோதண்டராமனின் கிணற்று மோட்டாரை ரிப்பேர் பார்க்கப் போன காசி, மோட்டாரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு அவர் மகளைக் கேட்டான். இதைக் கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த மோட்டார் அதற்கப்புறம் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே நியாயம்? அதை யாரும் சொல்வதில்லை.

மகள் வேதா, கட்டினால் காசியைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பிடிவாதம் அவளுக்கு அப்பா வழிச் சொத்து. கோதண்டராமன் முணுமுணுத்துக்கொண்டே கல்யாணத்தை நடத்திவைத்தார். வினை மறுவீட்டுக்கு வந்தபோதுதான் வந்தது. காசியின் வீடு அடி அண்ணாமலையில், ஊர் முடிந்து நிலம் தொடங்குகிற இடத்தில் இருந்தது. அவர் வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஒரு ஒயரும் வரவில்லை. கரண்ட் போஸ்ட் ஊர்க் கோயிலோடு நின்றுபோயிருந்தது.

"லைட்டு வெளிச்சத்துல வளந்த பொண்ணு. இருட்டு வீட்லயா குடுத்தேன்?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். "இந்த வீட்டுக்கு கரண்டு வர்ற வரைக்கும் இங்க பச்சத் தண்ணி என் பல்லுல படாது. இது சத்தியம்!"

அவர் மனைவி சரோஜா உள்ளே போய் இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு வந்தாள். அவர் சத்தியம் அவரோடு.

அதோடு கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் காசி பிழைத்திருப்பான். மனுஷர் மாதம் தவறாமல் வந்தார். மல்லாட்டைக் கடலை மூட்டை, கத்தரிக்காய், வீட்டு நெய் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்து, வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, மகளை ஆசை தீரப் பார்ப்பார். தாகம் எடுத்தால் எழுந்து பக்கத்து வீட்டு ஆராயியிடம் போய் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவார். ஆராயி வீட்டில் மட்டும் கரண்ட் இருந்ததா என்ன? அங்கேயும் அரிக்கேன்தான். ஆனால் சத்தியம் இந்த வீட்டுக்குத்தானே. மருமகனை மாப்பிள்ளை என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. "ஏம்பா"தான்.

காசி ஒரு தரம் லாரி பேட்டரியில் பல்பு மாட்டி எரிய வைத்துக் காட்டினான். மாமனார் அதை ஏற இறங்கப் பார்த்தார். "லாரியிலகூடதான் லைட்டு எரியுது. அதுக்காக லாரியில குடும்பம் நடத்த முடியுமா?" என்றார். காசி பல்பைக் கழற்றி வைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் மார்த்தாண்டன் வந்தார். அவர் பெயர் மார்ட்டின். ஜெர்மனிக்காரர். ஊர் வாயில் மார்ட்டின் நுழையவில்லை, மார்த்தாண்டன் ஆகிவிட்டார். தன் ஊரிலிருந்து அண்ணாமலையைப் பார்க்க வேனிலேயே வந்தவர். வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஒரு ஆள் நின்று குளிக்கிற இடம் என்று சகலமும் இருந்தது. செங்கம் ரோட்டில் இருந்த காசியின் பட்டறை வாசலில் வந்து எஞ்சின் உயிரை விட்டது. இனி அது பிழைக்காது என்று காசி கையை விரித்தான். மார்ட்டின் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. அடுத்த வருஷம் முழுக்கக் காசி வீட்டுக் கொல்லையில் வேனை நிறுத்தி அதிலேயே இருந்தார், மலையைச் சுற்றினார், வேதா சுட்ட கேழ்வரகு அடையைத் தின்றார். ஊருக்குக் கிளம்பும்போது வேனைக் காசியிடமே விட்டுவிட்டுத் தோள்பையோடு போய்விட்டார்.

வேனுக்குள் ஒரு பிரிட்ஜ் இருந்தது. மேல்பக்கம் மூடி திறக்கிற சின்னப் பெட்டி. வீட்டு கரண்ட் அதற்கு வேண்டாம், பேட்டரி போதும். அந்த பேட்டரிக்கு வேன் கூரையில் பதித்த இரண்டு கண்ணாடிப் பலகைகள் தீனி போட்டன. வெயில் பட்டால் அவற்றிலிருந்து கரண்ட் வரும். மார்ட்டின் போகும்போது இரண்டே பாடம் சொல்லிக்கொடுத்தார். கண்ணாடியில் தூசி படக்கூடாது. பெட்டியைச் சும்மா சும்மா திறக்கக்கூடாது.

முதல் நாள் டிரேயில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் மத்தியானம் திறந்தபோது, கட்டி கட்டியாக ஐஸ். வெளியே மலைப்பாறை தொட்டால் சுடுகிற வெயில். வேதா ஒரு கட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வெயில்லயா ஐஸு செஞ்சீங்க?" என்றாள். காசிக்குத் தலைகால் புரியவில்லை. ஆராயி அரை நாள் ஊர் முழுக்க இதைச் சொல்லிவிட்டு வந்தாள். பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் டம்ளரோடு வந்தார்கள்.

"கீழ்பென்னாத்தூர்ல உங்க நைனா வீட்லயே பிரிட்ஜு கெடையாது. இத பாத்தப்புறம் இந்த வீட்ல கரண்டு இல்லன்னு அவரால சொல்ல முடியுமா?" என்றான் காசி.

வேதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் ஐப்பசியில் வளைகாப்பு, அன்றைக்கே அப்பா வந்து பிரசவத்துக்குக் கூட்டிப்போவதென்று ஏற்பாடு. அவள் நிதானமாகச் சொன்னாள்: "காட்டுங்க. ஆனா ஒண்ணு. எங்க நைனா இந்த வீட்ல ஒரு வாய் குடிக்கணும். குடிக்கலன்னா நான் இங்கயே பெத்துக்கறேன். அவரு கூடப் போவ மாட்டேன்."

"இது இன்னாடி புதுசா?"

"அவரு மட்டுந்தான் சத்தியம் பண்ணுவாரா?"

சொன்னால் சொன்னதுதான். முதல் பிரசவம், தாயில்லாத வீடு. அவன் அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. அவளுக்கு அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். இனி எல்லாம் அந்தப் பெட்டி கையில்.

ஆயுத பூஜை வந்தது. காசி பட்டறையில் ஜாக்கி, ஸ்பேனர், சுத்தியல் ஒன்று பாக்கி விடாமல் கழுவிப் பொட்டு வைத்தான். வீட்டுக்கு வந்து பிரிட்ஜுக்குப் பொட்டு, பேட்டரிக்குப் பொட்டு. கடைசியில் ஏணி வைத்து வேன்மேல் ஏறினான். சோறு போடுகிற கருவிக்கே இவ்வளவு செய்தால், சூரியனையே பிடித்துக் கொடுக்கிற கண்ணாடிக்கு எவ்வளவு செய்ய வேண்டும்! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குழைத்த திருநீற்றால் மூன்று பட்டை அடித்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தான். கையெடுத்துக் கும்பிட்டான். மனசு நிறைந்து இறங்கினான்.

அடுத்த நாளிலிருந்து ஐஸ் இல்லை.

முதலில் மேகத்தைத் திட்டினான். மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது, பெட்டி மட்டும் குளிரவில்லை. பேட்டரியைக் கழற்றி முனைகளைச் சுரண்டினான், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினான், ஒயரை முழுக்க மாற்றினான். பெட்டியின் மோட்டார் ஒரு நிமிஷம் முனகிவிட்டுப் படுத்துவிடும். கடல் தாண்டி ஊரில் நிம்மதியாக இருந்த மார்ட்டினையும் விடவில்லை, அவரையும் திட்டினான். தினமும் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைக்கிறவன், பூஜைக்கப்புறம் அதை மட்டும் விட்டிருந்தான். சாமி திருநீற்றைத் துணியால் துடைக்கிறதா? அது தானாக உதிரட்டும் என்று இருந்தான். அதனால் கெடுதல் வரும் என்று அவன் புத்திக்கு எட்டவே இல்லை. அண்ணாமலையார் திருநீறு நல்லதைத்தானே செய்யும்?

வேதா பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பழைய புடவையில் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். இங்கேயே பெற்றுக்கொள்ளத் தயாராகிறாள் என்று பார்த்தவுடன் காசிக்குப் புரிந்தது.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் பந்தல் சாமான் வந்தது. டிராக்டர் டிரெய்லரில் தென்னங்கீற்றும் மூங்கிலும் மலைபோல ஏற்றி, அதன் உச்சியில் கோதண்டராமன் உட்கார்ந்து வந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம். அவர் பக்கமெல்லாம் பெருமாள் பக்தர்கள், காசி பக்கமோ பட்டைக்காரர்கள். இந்தக் கேலி இரண்டு வீட்டுக்கும் நடுவில் எப்போதும் உண்டு. டிராக்டர் கொல்லையில் திரும்பியபோது, அத்தனை உயரத்திலிருந்து அவர் வேன் கூரையைப் பார்த்தார்.

"ஏம்பா! வேன் மேல இன்னாது அது? லிங்கத்தப் படுக்க வெச்சிருக்கியா?"

"அது... சூரியக் கண்ணாடி மாமா. ஆயுத பூஜைக்கு..."

"பூஜைக்கு? நாங்க நாமம் போட்டா நெத்தியோட நிறுத்திக்குவோம். நீங்க மூஞ்சி முழுக்க அப்பிக்குவீங்க. சரி, கண்ணாடிக்காவது கண்ணு தெரியற மாதிரி போடக்கூடாதா?"

கேலிக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மூங்கிலை இறக்கத் தொடங்கிவிட்டார். காசிதான் அண்ணாந்து வேன் கூரையைப் பார்த்தான். கண்ணாடிக்குக் கண்! அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறது, மூடியவன் இவன். தலையில் அடித்துக்கொண்டு ஏணியை எடுத்தான்.

மேலே ஏறியதும் கை வரவில்லை. சந்தனம் காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. கீழே போட முடியாது, கால் படும். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தான். பிறகு நகத்தால் சுரண்டி, உதிர்ந்ததை எல்லாம் உள்ளங்கையில் ஏந்தித் தன் நெற்றியில் பூசினான். நெற்றி போதவில்லை. கையில், மார்பில், வயிற்றில் பூசினான். மிச்சம் மீதியை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டான். "கோவிச்சுக்காதய்யா, எடம்தான் மாத்தியிருக்கேன்" என்று மலையிடம் சொன்னான். அவன் இறங்கி வந்த கோலத்தைப் பார்த்து ஆராயி, மலை சுற்ற வந்த சாமியார் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

அன்றைக்குப் பிற்பகல் பெட்டி முனகத் தொடங்கியது. நிற்கவே இல்லை. அடுப்படியில் இருந்த வேதா துணி கிழிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

இரண்டு நாளும் வெயில் குறை வைக்கவில்லை. வளைகாப்பு அமர்க்களமாக நடந்தது. இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, புளியோதரையும் தயிர்ச்சோறும் பரிமாறி, பெண்கள் பாடி முடித்தார்கள். கோதண்டராமன் பந்தலுக்குள் வராமல் வேப்பமரத்தடிக் கல்லில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார். காசி டிரேயை எடுத்து வந்தான். ஒரு சில்வர் தட்டில் தட்டியபோது ஐஸ் கட்டிகள் கலகலவென்று விழுந்தன. ஊர் சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"பாருங்க மாமா. நம்ம வீட்ல செஞ்சது. கரண்டு இல்லாம ஐஸு வருமா?"

கோதண்டராமன் தட்டைப் பார்த்தார். ஆசையாகத்தான் பார்த்தார். ஆனால் தலையைத் திருப்பிக்கொண்டார். "போஸ்ட் எங்க? ஒயர் எங்க? மீட்டர் எங்க? போஸ்ட் இல்லாம வர்றதெல்லாம் ஒரு கரண்டா? நான் சொன்ன கரண்டு அது இல்ல."

இத்தனை பாடும் இதற்குத்தானா? ஐஸ் தட்டில் கரையத் தொடங்கியது. வேதா மணையிலிருந்து எழுந்தாள். வளையல் குலுங்க, ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்து, தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நைனா, நீங்க அன்னைக்கி இன்னா சொன்னீங்க?"

"கரண்டு வர்ற வரைக்கும் இங்க பச்சத் தண்ணி பல்லுல படாதுன்னேன்."

"இது பச்சத் தண்ணியா? புடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பிடித்துப் பார்த்தார். கை விறைத்தது. மாற்றிப் பிடித்தார். தண்ணி இல்லை என்றுதான் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டும். மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. "சத்தியமும் பொழைக்கணும், பொண்ணும் சிரிக்கணும், அவ்ளோதான நைனா?" என்றாள்.

கோதண்டராமன் கட்டியை வாயில் போட்டார். பல்லில் பட்டதும் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். ஊரே அவர் வாயைப் பார்த்தது.

"ஐயா," என்றாள் ஆராயி, "இப்ப வாய்ல இருக்கறது இன்னாது?"

அவர் விழித்தார். நல்ல நாளும் அதுவுமாக, மகள் வளையலும் மாலையுமாக நிற்கும்போது, அவள் முன்னால் துப்ப முடியுமா? தொண்டை ஏறி இறங்கியது. சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு குடு. ரொம்பச் சின்னதா குடுத்துட்ட" என்றார்.

பந்தலே சிரித்தது. காசி மாதிரி யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரித்து முடிப்பதற்குள் வேதா, "கெளம்பலாம் நைனா" என்று மூட்டையை எடுத்துவிட்டாள்.

காசிக்குச் சிரிப்பு நின்றது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாள் ராப்பகலாக இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியதெல்லாம் அவளை அனுப்பிவைக்கத்தான். அவள் டிரெய்லரில் ஏறத் தோள் கொடுத்தபோது, அவன் கையை ஒரு தரம் அழுத்தினாள். "பெட்டிய தெறந்து தெறந்து பாக்காதீங்க" என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

டிராக்டர் கிளம்பியது. கோதண்டராமன் திரும்பிப் பார்த்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "மாப்ளே! நாங்க கொழந்தையோட வர்றப்போ ஐஸு இருக்கணும். கண்ணாடிக்கு மறுபடி பட்டை கிட்டை போட்டுறாதீங்க!"

மாப்ளே. காசி அந்தச் சொல்லைக் கேட்டபடியே புழுதி அடங்கும் வரை நின்றான். பிறகு உள்ளே போய் டிரேயைக் கழுவினான். பிள்ளை பிறந்து அவர்கள் திரும்பி வரத் தை, மாசி தாண்டிவிடும். அன்றைக்கே தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தான்.