நடுவர் டி

எங்கள் ஐந்து நடுவர்களின் பெயர்களும் இணையத்தில் இருக்கின்றன. எந்தப் பாட்டுக்கு என்ன இடம் கொடுத்தோம் என்ற பட்டியலும் இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் கிடையாது. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்துகள்தான். அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவனுக்கு ஆறு நாள் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி எந்த நாட்டில் நடந்தாலும் எங்கள் மோல்டோவாவின் உச்சப் புள்ளியான பன்னிரண்டு ருமேனியாவுக்கு. அவர்களுடையது எங்களுக்கு. நடுவில் ஓர் ஆறு, இரண்டு கரையிலும் ஒரே மொழி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். எனக்கு இது பிடிக்காது. புள்ளி பாட்டுக்குத்தான், உறவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் நடுவராகப் போனேன். இந்த வருடம் பார்த்து அவர்கள் பாட்டு உண்மையாகவே முதல் தரம்.

ஒத்திகையைத் திரையில் பார்த்து இருபத்தைந்து பாட்டுகளையும் வரிசைப்படுத்த வேண்டும். பாட்டின் பெயருக்கு எதிரே எண் எழுத ஒரு கட்டம். எங்கள் பள்ளிகளில் பத்து மதிப்பெண் என்றால் உச்சம். ஒன்று என்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். எண் பெரிதானால்தான் மேலே வர முடியும் என்று வளர்ந்தவள். ருமேனியாவுக்கு இருபத்தைந்து போட்டேன்.

பக்கத்தில் செரஃபிம். குழந்தைகள் பாடகர் குழு நடத்துபவர், அறுபது வயது.

"புரியலன்னா கேளும்மா. ஓட்டுப் போடறதக் கண்காணிக்கற அந்த நோட்டரி சும்மாதான் உக்காந்திருக்காரு."

"நான் இசையில பட்டம் வாங்கினவ ஐயா."

"அதனாலதான் சொல்றேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குமேல் நான் எதையும் கேட்பதாக இல்லை. ஒன்று என்றால் முதலிடம் என்று தாளின் தலையிலேயே அச்சிட்டிருந்தது. நான் படிக்கவில்லை.

ருமேனியாவுக்கு எங்கள் நடுவர் குழுவிலிருந்து கிடைத்தது நான்கு புள்ளி. பட்டியல் வெளியானதும் நாடே நடுவர் டியைத் தேடியது. அவர்களுக்குக் கடைசி இடம் கொடுத்த ஒரே ஆள். போன வருடம் தன் குழுவை ருமேனியாவின் யாஷ் நகரத்து விழாவுக்கு அழைக்கவில்லை என்று செரஃபிம் வானொலியில் கத்தியிருந்தார். அது போதுமாக இருந்தது. டி அவர்தான் என்று முடிவுகட்டினார்கள். இந்த ஜூனில் யாஷுக்குப் போகவிருந்த அவருடைய முப்பத்தொரு குழந்தைகளையும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று விழாக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. செய்தியில் படித்தேன்.

வியாழக்கிழமை செரஃபிமின் பாட்டுப் பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். உள்ளே ஒரு தாய் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீம்புல எம்புள்ள பயணம் போச்சு. தைச்ச பாவாடைய என்ன பண்றது, சன்னல்ல மாட்டவா?"

"நான் போடலம்மா."

"பின்ன யாரு, ஆவி வந்து போட்டுச்சா?"

அவள் போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஐயா, டி நான்தான். தலைகீழாப் போட்டுட்டேன்."

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மத்த நாலு பேர்ல யாரோன்னு தெரியும். வேணும்னே செஞ்சாங்கன்னு நெனச்சேன்."

"இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா சிரிச்சிருப்பீங்க."

"சிரிச்சிருப்பேன். ரெண்டு நிமிஷம். அதுக்கு முப்பத்தொரு பசங்களா?"

அவரே யாஷுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். விழாப் பொறுப்பாளர் கமேலியா பேசினாள். சொன்னேன்.

"பேரோட எழுதித் தருவியா? இங்க எல்லாரும் கேப்பாங்க."

"தரேன்."

"ஒண்ணு பெரிசா இருபத்தஞ்சு பெரிசான்னு பட்டதாரிக்குத் தெரியலன்னு தலைப்புப் போடுவானுங்க. யோசிச்சுக்க."

"போடட்டும்."

"அப்ப அனுப்பு. கையில வந்ததும் பசங்கள வரச் சொல்றேன்."

பியானோ மூடிமேல் தாளை வைத்து எழுதினேன். ஒலேசியா ருஸ்நாக், நடுவர் டி. இடங்களைத் தலைகீழாகக் குறித்தது நான். விதிமுறை தெளிவாக இல்லாததால் இந்தத் தவறு நேர்ந்தது.

செரஃபிம் என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"தெளிவாத்தான் இருந்துச்சு."

அந்தக் கடைசி வரியை அடித்தேன்.