கழுத்துக்கு மேலே

அந்த வருடம் ஊடகப் பாடத்துக்கு அட்கின் சார் கொடுத்த வேலை, இல்லாத ஒரு இசைப் பத்திரிகையை உண்டாக்குவது. அட்டை, பொருளடக்கம், நடுவில் விரித்தாற்போல ஒரு கட்டுரை, எல்லாம் மாணவர்களே செய்யவேண்டும். பிறகு எந்த மரபைப் பின்பற்றினார்கள், எதை மீறினார்கள், ஏன் மீறினார்கள் என்று நாலு பக்கம் எழுதித் தரவேண்டும். அந்த நாலு பக்கத்தில்தான் மதிப்பெண் இருந்தது.

பிரையனி ராக் இசையை எடுத்துக்கொண்டாள். பத்திரிகைக்கு ‘ரஸ்ட்’, அதாவது துரு, என்று பெயர் வைத்தாள். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் துருவுக்கா பஞ்சம்? கடையில் கிடைக்கும் ராக் பத்திரிகைகளை வாரக்கணக்கில் புரட்டியதில் மரபெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பெயர் பெரிதாக, கிழிந்த எழுத்தில் இருக்கும். கறுப்பு, சிவப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது. நடுவில் பாடுபவர் நின்று, வாங்குகிறவரின் கண்ணை நேராகப் பார்ப்பார்.

பாடுபவருக்கு அவள் தேடி அலையவில்லை. அடுத்த தெருவிலேயே கார்லி இருந்தாள். ஐந்து வயதிலிருந்து சிநேகிதி. பிரையனி படித்த அதே கல்லூரியில் சமையல் படித்தாள். வாரக் கடைசியில் மாமாவின் கார் ஷெட்டில் மூன்று பையன்களோடு பாடுவாள். அவள் தொண்டையைத் திறந்தால் பின்சந்து முழுக்க ஜன்னல் திறக்கும், சிலர் கேட்பதற்கு, சிலர் திட்டுவதற்கு. பெரிய தாடை. முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு பிரையனி பார்த்ததே இல்லை.

படம் எடுக்கிற அன்று கார்லி தலைக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, அம்மாவின் பழைய தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கையில் மைக்கோடு வந்தாள். பழைய மீன் கிடங்குச் சுவரோரம், ஆற்றுக் காற்றில் விறைத்துப்போய் நின்றபடி எடுத்தார்கள். முறைக்கச் சொன்னால் முறைத்தாள், கத்தச் சொன்னால் கத்தினாள். கடைசியில் யாரோ சைக்கிளில் போனவன் சீட்டியடிக்க, அவள் வாய்கொள்ளாமல் சிரித்தாள். அந்தப் படம்தான் அட்டைக்கு என்று இரண்டு பேரும் அங்கேயே முடிவு செய்தார்கள். பிறகு ஒரு பொட்டலம் சிப்ஸை ஆளுக்குப் பாதியாகத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.

திங்கட்கிழமை கணினி அறையில் பிரையனி அந்தப் படத்தைத் திரையில் விரித்தபோது அதே வகுப்பு ஜெம்மா பின்னால் வந்து நின்றாள். ஜெம்மாவின் பாப் பத்திரிகை அட்டையில் அவளுடைய அக்காவே இருந்தாள். அக்காவைப் பார்த்தால் நிஜ அட்டை போலவே இருக்கும்.

“இது ராக் பத்திரிகையா, குதிரைப் பந்தயப் பத்திரிகையாடி?” என்றாள் ஜெம்மா.

வரிசையே சிரித்தது. பிரையனியும் சிரித்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது. சிரித்து முடித்ததும் காது சுட்டது. அவர்கள் போனபின் படத்தை மறுபடி பார்த்தாள். காலையில்கூடப் பிடித்திருந்த முகத்தில் இப்போது பற்கள் மட்டுமே தெரிந்தன. மறுநாள் முறைக்கிற படத்தைப் போட்டுப் பார்த்தாள். தாடை தெரிந்தது. நிழலைக் கூட்டிப் பார்த்தாள், எழுத்தை இறக்கி மறைத்துப் பார்த்தாள். சரிவரவில்லை. கடைசியில் படத்தை மேலே தள்ளி, கழுத்தோடு வெட்டிவிட்டாள். ஜாக்கெட், மைக்கைப் பிடித்த கை, தோளில் விழுந்த சிவப்பு முடி, அவ்வளவுதான் மிஞ்சின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

கார்லியிடம் காட்டாமல் இருக்க முடியாது. ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனாள்.

“கழுத்துக்கு மேல நான் எங்கடி?” என்று கேட்டாள் கார்லி.

முகம் போட்டால் எல்லோரும் செய்கிற மாதிரி ஆகிவிடுமாம், மரபை மீறினால்தான் மதிப்பெண்ணாம், இப்படி வெட்டச் சொன்னதே சார்தானாம் என்று பிரையனி கோவையாகச் சொன்னாள். கார்லி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். அவளுடைய அம்மா அதை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் “இது எங்க கார்லி கை” என்று காட்டினாள்.

நாலு பக்கம் எழுத உட்கார்ந்தபோது பொய் தானாக வளர்ந்தது. இசைப் பத்திரிகைகள் இசையை விற்பதில்லை, முகத்தை விற்கின்றன. பெண் பாடகி என்றால் அழகை விற்கின்றன. முகத்தை எடுத்துவிட்டால் குரல் மட்டும் மிஞ்சும் என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கே நம்பிக்கை வந்தது. முழு மதிப்பெண் கிடைத்தது. அட்கின் சார் அட்டையை உயர்த்திப் பிடித்து, துணிச்சல் என்றால் இதுதான் என்று வகுப்புக்குச் சொன்னார். ஜெம்மாகூடக் கைதட்டினாள். பிரையனி மேசைக்கடியில் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம், பெற்றோரை அழைத்து மாணவர்களின் வேலைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். கார்லியை வரவேண்டாம் என்று சொல்ல பிரையனிக்கு ஒரு சாக்கும் அகப்படவில்லை. கார்லி அம்மாவையும் கூட்டிக்கொண்டு, தலைக்குப் புதிதாகச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்த ‘ரஸ்ட்’ அட்டைக்குப் பக்கத்தில் அம்மா அவளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அட்கின் சார் வந்துவிட்டார்.

“ஓ, நீதானா அந்தப் பொண்ணு? நான் பிரையனிகிட்ட எவ்வளவோ சொன்னேம்மா, முகத்தை வெட்டாதே, ரிஸ்க்குன்னு. பிடிவாதமா கேக்கவே இல்லை. கடைசியில அவதான் ஜெயிச்சா.”

கார்லியின் அம்மா குழம்பிப்போய் மகளைப் பார்த்தாள். வெட்டச் சொன்னது சார்தானே என்று ஆரம்பித்தாள்.

“இல்லம்மா, நீ மாத்திப் புரிஞ்சுகிட்ட. அது பிரை யோசனைதான், எனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள் கார்லி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாருக்கு நன்றி சொன்னாள். அம்மாவுக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தாள். பிரையனி பக்கம் மட்டும் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பிரையனிக்கு இருந்தது.

கார்லியின் அம்மா கல்லூரியிலிருந்தே மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் போகிற பேருந்தின் மாடியில் சிநேகிதிகள் இருவர் மட்டும். பிரையனி மறுபடி குரல், முகம், விற்பனை என்று எதையோ ஆரம்பித்தாள்.

“சார்கிட்ட சொல்றதை என்கிட்ட சொல்லாதடி. நிஜத்தைச் சொல்லு.”

பிரையனி சொன்னாள். ஜெம்மா சொன்ன வார்த்தையையும் மறைக்காமல் சொன்னாள்.

“எல்லாரும் சிரிச்சாங்களா?”

“ம்.”

“நீயும் சிரிச்சியா?”

 பிரையனி ஆமென்று தலையை ஆட்டினாள்.

 சிரித்த அந்தப் படம் இருக்கிறதா என்று கார்லி கேட்டாள். பிரையனி கைபேசியில் தேடிக் கொடுத்தாள். கார்லி அதை விரலால் பெரிதாக்கி, தன் வாயை, பல்லை, கண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடையில் வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு பொருளைப் பார்ப்பதுபோல இருந்தது அது.

“நல்லாத்தானே இருக்கேன்” என்றாள். அழவில்லை. அவள் கேட்டது பிரையனியையா, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தெருவையா என்று தெரியவில்லை. கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். தன் நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள்.

மறுநாள் பிரையனி அட்கின் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எழுதியதெல்லாம் பொய், மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள் என்றாள். அவர் கணினியிலிருந்து பாதிதான் திரும்பினார்.

“எதுக்காகச் செஞ்சேங்கறது முக்கியமில்லை, பிரையனி. பாக்கறவங்களுக்கு என்ன படுதுங்கறதுதான் விஷயம். மார்க்கெல்லாம் அனுப்பியாச்சு. மனசைப் போட்டு அலட்டிக்காதே.”

அவர் அன்பாகத்தான் சொன்னார்.  அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று அட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு நடைவழியில் மாட்டினார்கள். தேர்வு முடியும்வரை பிரையனி வகுப்புக்கு மாடிப்படி சுற்றிப் போனாள்.

கார்லி சண்டை போடவில்லை. கண்டால் பேசினாள், ஜோக் அடித்தாள். ஷெட்டுக்கு வா என்று மட்டும் கூப்பிடவில்லை. ஜூன் மாதம் ஒரு மதுக்கடையின் பின்னறையில் அவர்கள் குழு பாடியதை பிரையனி வேறு யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

ஆகஸ்டில் முடிவுகள் வந்த அன்று எல்லோரும் கல்லூரி வாசலில் கூடியிருந்தார்கள். கார்லியும் தேறியிருந்தாள், ஒரு ஹோட்டலில் வேலையும் பேசியாகிவிட்டது. இரண்டு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்ல, பிரையனி கைபேசியை எடுத்தாள். வரிசையில் நின்றிருந்த கார்லி உடனே விலகி வந்து கையை நீட்டினாள்.

“குடு, நான் எடுக்கறேன். நீ போய் நில்லு.”

நீ இல்லாமல் எப்படி என்று பிரையனி சொல்லிப்பார்த்தாள். கார்லி கோபமே இல்லாமல், கையை நீட்டியபடியே நின்றாள். மற்றவர்கள் வெயிலில் பொறுமையிழந்து சத்தம்போட்டார்கள். பிரையனி கொடுத்துவிட்டுப் போய் ஓரத்தில் நின்றாள். கார்லி இரண்டு தடவை எடுத்தாள், சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாவுக்குச் சேதி சொல்லப் போனாள்.

இரண்டு படத்திலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். பிரையனி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.