பன்னிரண்டு அட்டை

மெயினருவிக்குப் போகும் வழியில், பூட்டிக் கிடந்த மங்குஸ்தான் பழக்கடையின் தார்ப்பாய்க்கு அடியில் அன்று எண்ணெய் தேய்ப்பவர்கள் சங்கம் கூடியிருந்தது. தலைவர் ஆவுடையப்பன் கடைக்காரரின் பிளாஸ்டிக் நாற்காலியில். பென்னி கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல். செயலாளர் பேச்சிராஜ் ஒரு பழப்பெட்டியை மேசையாக்கிக்கொண்டு, அதன் முன்னால் சம்மணமிட்டு. மற்ற ஒன்பது பேரும் பெஞ்சிலும் கடைப்படியிலுமாக நெருக்கியடித்து. இசக்கிச்செல்வி தார்ப்பாயின் ஓரத்தில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்றாள். அவளை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

அருவியில் வெள்ளம். விடிந்ததுமே குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆள் வராது. கடிதத்தை இன்றே முடித்துவிடலாம் என்று ஆவுடையப்பன் சொல்லியிருந்தார். அருவிக்கரையைப் பராமரிக்கக் குத்தகை எடுத்த புதுக் கம்பெனி, வரும் மாதத்திலிருந்து அடையாள அட்டை உள்ளவர்களைத்தான் தொழில் செய்ய உள்ளே விடுமாம். எண்ணெய் தேய்ப்பவர்களுக்குப் பன்னிரண்டு அட்டை. சங்கம்தான் பெயர்களை எழுதி அனுப்ப வேண்டும்.

பேச்சிராஜ் இரண்டு தடவை சீயக்காய் போட்டுக் கை கழுவியிருந்தான். அப்படியும் தாளின் ஓரத்தில் எண்ணெய் லேசாக ஊறியது. இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பழகிய கையெழுத்து, அச்சுப்போல இருந்தது. பன்னிரண்டாவது பெயருக்குக் கீழே அவன் கோடு போடப் போனான்.

"தம்பி, எம்பேரையும் போடு," என்றாள் இசக்கிச்செல்வி.

தேய்க்கிறவர்களின் துண்டுகளை வெளுப்பதும், எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆள் எழுந்து போனதும் வழுக்குகிற கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதும் அவள் வேலை.

"ஏட்டி, இது தொழிலாளி சங்கம்," என்றார் ஆவுடையப்பன். "நீ எங்ககிட்ட கூலிக்கு நிக்க. ஒனக்கு எதுக்கு அட்ட?"

"அட்ட இல்லன்னா உள்ள விடமாட்டாம்லா அண்ணாச்சி. நான் எங்கன போவேன்?"

"அதுக்கு நாங்க என்ன செய்ய?"

"கூலிக்கு நிக்கேன், சரி. அப்ப நீங்க எனக்கு மொதலாளியா?"

பென்னி டின் அதிரச் சிரித்தான். "தலைவருக்குப் பதவி ஒசந்துட்டு. எல்லாருக்கும் டீ சொல்லுங்க மொதலாளி."

ஆவுடையப்பன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மே தினத்துக்கு மே தினம் தென்காசி வரை ஊர்வலம் போகிறவர். "நான் ஆயுசுக்கும் தொழிலாளிலே. வாய அடக்கு."

"தொழிலாளி சங்கம்னா என்னன்னுதான் கேக்கேன் அண்ணாச்சி. சொன்னா தெரிஞ்சுக்கிடுதேன்," என்றாள் இசக்கிச்செல்வி.

போலீஸ் விரட்டாமல் இருக்கத்தான் சங்கம் என்றது ஒரு குரல். கோயில் கொடைக்கு வரி பிரிக்க வசதி என்றது இன்னொன்று. "போஸ்டர்ல நம்ம போட்டா வருதுல்லா," என்றான் பென்னி.

பேச்சிராஜ் லெட்டர்பேடின் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'உழைப்பவர் அனைவரும் ஒன்று' என்ற வரியைத் தென்காசி ஆட்டோ சங்கத்தின் நோட்டீஸிலிருந்து அவன்தான் எடுத்து அச்சடிக்கக் கொடுத்திருந்தான். கேட்பதற்கு நன்றாக இருந்தது. அதற்கு மேல் அப்போது யோசிக்கவில்லை.

"அண்ணாச்சி, போன சீசன்ல நீங்க முதுகு பிடிச்சிக் கெடந்தப்ப ஒங்க முறைய நாங்க தேய்ச்சோம். துட்ட மதினி கையில கொடுத்தோம். அதத்தான் நான் சங்கம்னு நெனச்சிருந்தேன்," என்றான் பேச்சிராஜ்.

"அதுக்கென்னடே இப்ப?"

"யக்காவுக்குக் காய்ச்ச வந்தப்ப என்ன செஞ்சோம்?"



"துண்ட எல்லாம் வீட்டு வாசல்ல கொண்டாந்து போட்டிய," என்றாள் இசக்கிச்செல்வி. "காய்ச்சலோடதான் வெளுத்தேன்." சண்டைக்கு வருகிற குரல் இல்லை. கடைச்சாமானுக்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

பெஞ்சிலிருந்த குற்றாலிங்கம், "பதிமூணு எழுதுனா ஒருத்தன வெட்டுவான். அது நானா இருந்தா?" என்றார். அவருக்கு மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர் கேட்டதிலும் தப்பு இல்லை.

ஆவுடையப்பன் துண்டின் ஓரத்தில் நூலை உருவினார். பிறகு, "எழுதுலே," என்றார். "கீழ இன்னொரு வரியும் போடு. பதிமூணு அட்ட தரலன்னா எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்னு."

பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது.

"மொதலாளி சொல்லிட்டாரு, எழுதுடே," என்றான் பென்னி. இந்தத் தடவை ஆவுடையப்பனும் சிரித்துவிட்டார். சாரலில் நனைந்துகொண்டே போய் டீயும் சொல்லிவிட்டு வந்தார். குற்றாலிங்கம் சிரிக்கவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

பேச்சிராஜ் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தான். பசையைத் தடவி, ஓரம் தூக்காமல் நகத்தால் அழுத்தினான். தபாலாபீஸ் வரைக்கும் கூடவே வருகிறேன் என்று இசக்கிச்செல்வி கிளம்பினாள். வெளுக்க வேண்டிய துண்டு மூட்டை தலையில் இருந்தது. முகத்தில் ஒரு தெளிவு.

அருவி வளைவுக்கருகே கம்பெனி ஆட்கள் இரும்புச் சுழல்கதவு ஒன்றை வெல்டிங் வைத்து முடித்திருந்தார்கள். ஓர் ஆள் நுழையும் அகலம். இசக்கிச்செல்வி நின்று பார்த்தாள். மூட்டையை இறக்கி மார்போடு அணைத்து, உடம்பை ஒருக்களித்து நுழைந்தாள். மூட்டை கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள். பிறகு மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் வந்தாள்.

"போயிரலாம் தம்பி," என்றாள்.

தபாலாபீஸில் ரிஜிஸ்டர் தபாலுக்குச் சீட்டு ஒட்டி, முத்திரை குத்தி, உறையைச் சாக்குப்பையில் போட்டார்கள்.