சலோமே கேட்ட கறுப்புப் பந்துகள்

குட்டாக் பள்ளத்தாக்கில் ஒரு பெண் கல்யாணமானவளா இல்லையா என்று தொப்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளைத் தொப்பியின் மேல் சிவப்புக் கம்பளிப் பந்துகள் என்றால் கன்னிப்பெண்; கறுப்பு என்றால் ஒருவனின் மனைவி. முப்பது வயது தாண்டியும் சலோமேக்குச் சிவப்புதான். ஆந்திரேயாசோடு அவளுக்குக் கல்யாணம் என்று தேவாலயத்தில் அறிவித்தும் ஆகியிருந்தது. அதற்குள் போர் வந்து அவனைக் கொண்டுபோயிற்று. போர் முடிந்து சிலர் திரும்பினார்கள், சிலரது சாவுச் செய்தி வந்தது. அவனைப் பற்றி மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஞாயிறுதோறும் சின்னப் பெண்களோடு அவள் முன்வரிசையில் உட்கார வேண்டியிருந்தது. மனைவியை இழந்த யாக்கோபு வாசலில் நின்று சீண்டுவான்: "என்ன சலோமே, பந்தெல்லாம் வெளுத்துப்போச்சு? நான் வேணா கறுப்பாக்கி விடட்டா?"

ஒருநாள் தொப்பி செய்யும் மக்தலேனாவிடம் போனாள்.

"இதப் பிரிச்சிட்டுக் கறுப்பு வச்சுக் குடுங்கக்கா."

"அடியே! யாருடி மாப்பிள்ளை?"

"ஆந்திரேயாஸ்தான். வேற யாரு?"

மக்தலேனா ஊசியைக் கீழே வைத்தாள். "ஒரு காலத்துல வைக்கோல் தொப்பியில சாயத்தால வட்டம் போட்டுக்கிட்டாங்க. பந்தெல்லாம் அப்புறம் வந்ததுதான். என்ன மாறினாலும் கல்யாணம் ஆகாம கறுப்பு யாரும் போட்டதில்லடி. ஊரு என்னைத்தான் ஏசும்."

சலோமே நேராக ஆந்திரேயாசின் அம்மா கிறிஸ்டீனா வீட்டுக்கு நடந்தாள். செர்ரி மரத்து ஏணியில் நின்றபடியே கிறிஸ்டீனா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவன் செத்துட்டான்னு நினைக்கிறியா?"

"இல்லத்தை. வருவான். வர்றப்போ நான் அவன் பொண்டாட்டியா இருக்கணும்."

கிறிஸ்டீனா இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு அவளோடு கிளம்பினாள்.

"இவ என் மருமக," என்றாள் மக்தலேனாவிடம். "ஊரு ஏசுனா என் வாசல்ல வந்து ஏசச் சொல்லு."

அடுத்த ஞாயிறு சலோமே முன்வரிசையைத் தாண்டிப் போய் மனைவிமார் நடுவே கிறிஸ்டீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. யாக்கோபு தரையைப் பார்த்தான். கிறிஸ்டீனாவின் உடுப்பில் அடுப்புப் புகை வாசம். ஆந்திரேயாசின் கோட்டிலும் அதே வாசம்தான் இருக்கும்.

பாட்டு பாதியில் இருக்கும்போது பின்கதவு கிறீச்சிட்டது. அந்தக் கனத்த தொப்பியோடு கழுத்தை மட்டும் திருப்ப முடியாது. சலோமே உடம்போடு திரும்பினாள். கிறிஸ்டீனாவும் திரும்பினாள்.

மாவுமில்காரர், கோட்டிலிருந்து மழையை உதறிக்கொண்டு நின்றார்.

இருவரும் முன்னால் திரும்பி, பாட்டில் விட்ட வரியைத் தேடினார்கள்.