வராத இருபத்திரண்டு பேர்

...நானூற்றுப் பதினெட்டு என்றே எழுதிவிடலாம், நேற்று நானூற்றுப் பதினேழுதான், அதற்குள் எங்கேயோ யாரோ அவளுடைய கட்டுரையை இன்னொரு தடவை மேற்கோள் காட்டிவிட்டார், புண்ணியவான், நன்றாக இருக்கட்டும்... நேர்காணல் அறைக்கு வெளியே, பதவி உயர்வுப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இதய டாக்டர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். 'அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை' என்று ஒரு கட்டம் மட்டும் பாக்கி. மொத்தம் அறுபத்தொரு கட்டுரை, அதில் ஐம்பதை ஒரு ஈ காக்காய் சீண்டியதில்லை, பத்து ஏதோ சுமார், மேற்கோள்களை அள்ளிக்கொண்டு வருவது இது ஒன்றுதான், இதை எடுத்துவிட்டால் பேராசிரியர் பதவியாவது மண்ணாவது... ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை இதய நோயாளிகளுக்கும் பாதுகாப்பானது, அதுதான் கட்டுரை சொன்னது. கட்டுரையா சொன்னது? அவள் சொன்னாள். யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

முந்நூற்று நாற்பது பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், அதில் இருபத்திரண்டு பேர் ஓராண்டுப் பரிசோதனைக்கு வரவில்லை. கூட எழுதியவர் சிறுநீர்ப்பாதைப் பிரிவு டாக்டர், மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் குழாய்க்காரர், அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கா மண்டைய உடைச்சுக்கறீங்க? எங்க ஆளுங்க தண்ணி ஒழுங்கா போக ஆரம்பிச்சா டாக்டரைத் தலைமுழுகிடுவாங்கம்மா. வரலைன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். 'நலம்'னு போட்டுடுங்க." அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் பிரிவில் அப்படித்தான், குணமானவன் திரும்பி வரமாட்டான். ஆனால் அவள் பிரிவில்? இதய நோயாளி ஒருவர் வரவில்லை என்றால் அர்த்தமே வேறு, வீட்டுக்குப் போன் போட்டால் எடுப்பவரின் முதல் மூச்சிலேயே விஷயம் தெரிந்துவிடும், பதினெட்டு வருஷமாக அவள் கேட்காத மூச்சா... இருபத்திரண்டு பேருடைய போன் நம்பரும் பதிவேட்டில் இருந்தது. ஒரு மத்தியானம் போதும். அவள் போன் போடவில்லை, ஏனென்றால் போடாமலே கணக்கு அவ்வளவு அழகாக வந்திருந்தது, நாலைந்து பேர் இறந்துபோய்விட்டார்கள் என்று தெரிந்தால்கூட 'பாதுகாப்பானது' என்ற சொல்லை எடுக்க வேண்டியிருக்கும், அந்தச் சொல் போனால் கட்டுரையை எந்த இதழ் சீந்தும்? இருபத்திரண்டு கட்டத்திலும் 'நலம்' என்று அவளேதான் அடித்தாள், அடித்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள், பாவி. நாலு வருஷம் ஆகிறது. இதழுக்கு ஒரு திருத்தக் கடிதம் பாதி எழுதிக் கணினியில் கிடக்கிறது, திறந்து பார்ப்பாள், மூடுவாள், உறுதியாகத் தெரியாமல் எப்படி அனுப்புவது, ஒருவேளை குழாய்க்காரர் சொன்னதே சரியாக இருந்தால், இன்னொரு ஆய்வு வரட்டும் பார்ப்போம், வராமலா போகும்...

கைப்பேசி அதிர்ந்தது, அண்ணன். நல்ல நேரம் பார்த்தான்! எடுத்தாள். "என்ன, பேராசிரியராயிட்டியா?" "இன்னும் உள்ளயே கூப்பிடலைண்ணா." "கூப்பிடுவாங்க, கூப்பிடாம எங்க போயிடுவாங்க. உனக்கு ஒரு சேதி. ராத்திரி ஆறு தடவை எழுந்து போறேன்னு சொல்லிட்டிருந்தேன்ல, இந்த ஊர் டாக்டர் ஒரு மாத்திரை குடுத்தாரு, ஒரே தூக்கம்! எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கே, ஒத்துக்குமான்னு கேட்டேன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுறாரு, பார்த்தா உன் பேரு! என் தங்கச்சிதான்னு சொன்னேன், எழுந்து கை குடுத்தாருடி." அவன் சிரித்தான். படிவம் நழுவிக் கீழே விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை. "எத்தனை நாளா போடறே?" "ரெண்டு மாசம் இருக்கும். மாடி ஏறினா கொஞ்சம் தலை சுத்துது, படபடன்னு வருது. வயசாச்சுல்ல." "நிறுத்திடு." "என்னது?" "மாத்திரையை நிறுத்துண்ணா. இன்னிக்கே. இப்பவே கிளம்பிப் போய் ஈசிஜி எடுத்து எனக்கு அனுப்பு." "ஏய், நீ எழுதினதுதானேடி அது?" "சொன்னதைக் கேளுண்ணா, தயவுசெய்து." "சரிடி, போறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தான், ஏன் என்று அவன் கேட்காததுதான் அவளைக் கொன்றது.

கதவைத் திறந்து அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார். "மேடம், உள்ள வரச் சொல்றாங்க." இதோ என்றாள், குனிந்து படிவத்தைப் பொறுக்கினாள், பாக்கி இருந்த அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். போன் போட்டுச் சொல்ல ஒரு தங்கச்சி இல்லாதவர்கள் எத்தனை பேர் இன்று மாடி ஏறிக்கொண்டிருப்பார்கள்... உறுதியாகத் தெரியாது, உறுதியாகத் தெரியாது என்று நாலு வருஷம் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாளே, அப்படியென்றால் அண்ணனிடம் மட்டும் ஒரு நொடிகூட யோசிக்காமல் நிறுத்து என்று எப்படிச் சொன்னாள்?