விற்காத சரக்கு

கிளாவா அத்தை ஈரத்துணியைப் பிழிந்து வாளியில் போட்டுவிட்டு, "மூட்டையை எடும்மா ரயீசா, உடம்பு விறைக்கிறதுக்குள்ள உடுத்திடணும்" என்றாள்.

ரயீசா கதவோரம் நின்றாள். பெற்ற தாயின் உடலை மகள் குளிப்பாட்டக் கூடாது. அதற்குத்தான் பக்கத்து வீட்டுக் கிளாவா. மகளின் வேலை சாவு மூட்டையை எடுத்துக் கொடுப்பது மட்டும். பிரெஸ்த் ஊரில் அந்த வயசுப் பெண்கள் எல்லோரையும் போல அவள் அம்மா ஸ்தெபனீதாவும், தான் செத்தால் உடுத்திப் புதைக்க, அதை முப்பது வருஷம் முன்பே கட்டி வைத்திருந்தாள். தானே நெய்த லினன் சட்டை, விரிப்பு, துவாலைகள்.

அந்த மூட்டை இப்போது இல்லை. அதை விற்றவளே ரயீசாதான்.

தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. சோவியத் யூனியன் கலைந்த குளிர்காலத்தில் சம்பளம் நின்றது. பாதி ஊர் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் எல்லை ஆற்றைத் தாண்டிப் போலந்துச் சந்தைக்குப் போக, அவளும் போனாள். போகும்போது இஸ்திரிப்பெட்டி, பூட்டு, கரண்டி. வரும்போது செருப்பு, நைட்டி. ஒரு தடவை கொண்டுபோக வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. அம்மாவின் பெட்டிக்குள் கைவிட்டாள். போலந்துக்காரி ஒருத்தி பேரம்கூடப் பேசாமல் முழுவதையும் அள்ளிக்கொண்டாள். ஜன்னல் திரைக்காம். அடுத்த நடையில் வேறு வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த நடை, அதற்கடுத்த நடை என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "நீ எதுக்கும் அலையாத. எல்லாம் பெட்டியில இருக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தெரியாமலே போகட்டும் என்று தலையாட்டி வைத்தாள்.

"என்னடி, நின்னுட்டே இருக்க?"

பெட்டியைத் திறந்தாள், தேடுவதுபோல் நடிக்கத்தான். கம்பளிக்குக் கீழே ஒரு மூட்டை இருந்தது. அவளுடைய கிழிந்துபோன கட்டம்போட்ட சந்தைப் பையை வெட்டிக் கட்டிய மூட்டை. உள்ளே மைக்கறை பட்ட ஒரு நைட்டி, ஓரம் தைக்காத பூப்போட்ட விரிப்பு, ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு. எல்லாம் விலைபோகாது என்று அவள் மூலையில் வீசியவை. நல்ல சரக்கு ஒன்றைக்கூட அம்மா தொடவில்லை.

அந்தச் செருப்பு வந்தது லினனை விற்ற அதே மாதம்; வீசிய மறுநாளே அது மூலையில் இல்லை. அப்படியென்றால் அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயீசா மூட்டையை அப்படியே கிளாவாவிடம் கொடுத்தாள்.

கிளாவா நைட்டியை உடுத்தினாள், விரிப்பைப் போர்த்தினாள். செருப்பை மாட்டும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டும் இடது காலுக்குடி. எங்க வீட்டுல ஒரு ஜோடி இருக்கு, கொண்டுவரட்டுமா?"

"வேணாம் அத்தை. அம்மா எடுத்து வெச்சது. அதையே போடுங்க."

கிளாவா வலது காலை மெல்ல அழுத்தி நுழைத்தாள். ரயீசா விரிப்பை இழுத்துக் காலை மூடப் பார்த்தாள். துணி எட்டவில்லை. இரண்டு செருப்பும் ஒரே பக்கமாக வளைந்து, இன்றைக்கு மத்தியானப் போலந்து ரயிலுக்கென்று ரயீசா முந்தின நாளே கட்டி வைத்திருந்த சரக்குப் பையின் பக்கம் திரும்பியிருந்தன.